ரேஷன் கடையில் எனக்குச் சர்க்கரை

விஷயம் தெரியாதவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டால் ரேஷன் கடை வரிசை நிசப்தமாகிவிடும். அன்றைய சத்தத்தில் பாதி என்னுடையது.

கொரோனா ஊரடங்கு நேரம். ஓசூர் கம்பெனியில் எனக்கு வாரத்துக்கு மூன்று நாள்தான் ஷிப்ட். வீட்டில் மிக்சி புகைந்து செத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மனைவி செல்வி அம்மியில் சட்னி அரைத்தே தோள்பட்டை வீங்கிப்போய் இருந்தாள். ரேஷன் அட்டைக்கு இரண்டாயிரம் நிவாரணம் என்று செய்தி வந்ததும், "புது மிக்சி உனக்குத்தான்" என்று வாக்குக் கொடுத்தேன்.

"ஏங்க, நம்மளுக்கு டோக்கனே வரலியே?"

"கம்ப்யூட்டர் கோளாறா இருக்கும். நான் போய்ப் பேசிக்கிறேன்."

(பேசித்தான் கெட்டேன்.)

எங்கள் ஜூஜுவாடி ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் மிக்சி கடை நூருல்லா பாய். விடுவேனா?

"பாய், கவர்மென்ட் இந்தத் துட்ட எதுக்குத் தருது தெரியுமா? நான் உங்க கடையில மிக்சி வாங்கணும். நீங்க அந்தக் காசுல துணி எடுக்கணும். இப்பிடியே சுத்தி கடைசியில எங்க கம்பெனிக்கு ஆர்டர் வரணும். பணம் சுத்தணும் பாய்!"

"சரி சார், மூணு ஜார் வெச்சதா ஒண்ணு எடுத்து வெக்கிறேன்" என்றார் பாய். மொத்த வரிசையும் என் பொருளாதார வகுப்பைக் கேட்டது.

என் முறை வந்தது. கடைக்கார அம்மா அட்டையைப் பார்த்து, "சார், உங்களுக்குச் சர்க்கரை" என்றார்.

"ஐயய்யோ, அதெல்லாம் இல்லீங்க மேடம். பிரஷர் மட்டுந்தான். போன மாசங்கூட டெஸ்ட் எடுத்தேன்."

வரிசையே குலுங்கிச் சிரித்தது.

"உடம்புக்கு இல்ல சார், அட்டைக்கு! உங்களுது சர்க்கரை அட்டை. பணம் அரிசி அட்டைக்கு மட்டுந்தான்."

பின்னால் நின்ற கன்னடக்காரப் பெரியவர், "அய்யோ, சக்கரேனா? துட்டு இல்லா!" என்று உச்சுக்கொட்டினார்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. சில வருடங்களுக்கு முன்பு, "நாமென்ன ரேஷன் அரிசி சாப்பிடற குடும்பமா?" என்று ஜம்பமாக எழுதிக் கொடுத்து, அரிசியை விட்டுவிட்டுக் கூடுதல் சர்க்கரைக்கு அட்டையை மாற்றிய மகான் நானேதான். செல்வி அன்றைக்கே தலைபாடாக அடித்துக்கொண்டாள்.

வெறுங்கையோடு வீட்டுக்குள் நுழைந்து விஷயத்தைச் சொன்னேன். அவள் அம்மியிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"சர்க்கரைதான் டப்பா நெறய இருக்கே. அதையே அரைச்சு சட்னி வெக்கட்டுமா?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. புது மிக்சி வரும்வரை சட்னி அரைத்தது நான்தான்.

போன வருடம் டாக்டர் என் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குச் சர்க்கரை இருக்கு" என்றார் கவலையாக. நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி முந்திக்கொண்டாள்.

"அது பழைய சேதிங்க டாக்டர், ரேஷன் கடையிலயே சொல்லிட்டாங்க. அரிசிக்கு மாத்த முடியுமான்னு மட்டும் பாருங்க."