தலைக்கு மேல் ஒரு ஓட்டை

காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு, பசை வாளியோடு ஓர் ஆள் எங்கள் சமையலறைக்குள் வந்து கூரையைப் பார்த்தபோது எனக்கு ஏழரை ஆரம்பித்தது.

தூத்துக்குடியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு நான்தான் செயலாளர். குழாயும் வயரும் போகிற ஓட்டைகளைத் தீத்தடுப்புப் பசையால் அடைக்காவிட்டால், கீழே பிடித்த தீ அதன் வழியாகவே மேலே ஏறிவிடும் என்று கூட்டத்தில் முக்கால் மணி நேரம் பேசியவன். (பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள்.) உண்மையில் எனக்கு ஒரே ஒரு வீட்டைப் பற்றித்தான் பயம். எங்களுக்கு நேர் மேலே என் மகன் குடியிருக்கிறான்.

துறைமுக வேலையை விட்டுவிட்டு உப்பு வியாபாரம் செய்யப்போகிறேன் என்றான். நான் ஏதோ சொன்னேன். பெட்டியைத் தூக்கிவிட்டான். கோபித்துக்கொண்டு போகிறவர்கள் சென்னைக்குப் போவார்கள். இவன் ஒரு மாடி ஏறி வாடகைக்குக் குடிபோனான். மாதக்கணக்கில் பேச்சில்லை. படியில் எதிர்ப்பட்டால் இருவரும் அவரவர் செருப்பைப் பார்ப்போம்.

ஆனால் எங்கள் சமையலறைக் கூரையில், அவன் வீட்டுக் கழிவுநீர்க் குழாயைச் சுற்றி ஒரு கை நுழைகிற இடைவெளி உண்டு. லாரிக்காரரோடு அவன் பேசுவது, தோசை கருகியதற்குத் தன்னையே திட்டிக்கொள்வது எல்லாம் அதன் வழியே வரும். அவன் இருமினால் நான் கஷாயம் குடிப்பேன். அதுவும் ஓட்டைதான் என்பது கூட்டத்தில் பேசியபோது எனக்கு உறைக்கவே இல்லை.

இதை நாளைக்குப் பார்க்கலாமே என்று இழுத்தேன்.

"ஒரு ஓட்டய விடக்கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னிய?" என்றார் அந்த ஆள்.

தீப்பிடிக்காத பஞ்சைத் திணித்தார். போனில் பேசிக்கொண்டிருந்த மகன் பாதி வாக்கியத்தில் நின்றுபோனான். சிவப்புப் பசையைப் பூசிவிட்டு அவர் டீ குடிக்கப் போனார். வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை.

ஸ்டூலில் ஏறினேன். பஞ்சைக் கொஞ்சம் பிடுங்கிவிட்டுக் காதை வைத்தேன். ஸ்டூல் ஆடியது. குழாயைப் பிடித்தேன். குழாய் கழன்று என்னோடு தரைக்கு வந்தது, பின்னாலேயே மேல்வீட்டில் பாத்திரம் கழுவிய தண்ணீரும் வந்தது. காது, கன்னம், மிச்சமிருந்த முடி எல்லாம் சிவப்பு. ஓடிவந்த என் மனைவி அதை ரத்தம் என்று நினைத்து, கூரையைப் பார்த்து மகன் பெயரைச் சொல்லி அலறினாள்.

செருப்புகூடப் போடாமல் வந்து நின்றான். என் கன்னத்தைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்து, அது பசைதான் என்று தெரிந்ததும் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டான். அப்புறம் கூரையைப் பார்த்தபடி சொன்னான்:

"ஒங்களுக்கு மட்டுந்தான் கேக்கும்னு நெனச்சியளாப்பா? நான் சாப்பிட்டனோ என்னமோன்னு ராத்திரி அம்மாட்ட பொலம்புனிய. சாப்பிடல. சோறு இருக்கா?"