மாம்புரிக்குப் போன மீன்

"முத்தலிபுட வீட்டில இப்ப மிச்சமிருக்கிற ஒரே பொம்புள, அந்த மீன்தான்."

கண்டக்குழிக் கடையில் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்க நின்ற முத்தலிபுவின் காதில் இது விழுந்தது. பாணை மறந்து வீட்டுக்கு வந்துவிட்டான்.

மனைவி ஹஃபீலா மாம்புரியில், உம்மா வீட்டில் இருந்தாள். மச்சினியின் கல்யாணத்தில் மாமி அவனைச் சின்னப் பிள்ளைகளோடு ஒரே சஹனில் சாப்பிட உட்கார்த்திவிட்டார். எல்லாக் கையும் ஒரே தட்டில். பொடியன்கள் இறைச்சியை அள்ளினார்கள், இவனுக்கு எலும்பு. இனி இந்த வாசலை மிதிப்பதில்லை என்று எழுந்து வந்தான். ஹஃபீலா கூட வரவில்லை. அவன் வந்து மாமி கையால் ஒரு தேத்தண்ணி குடித்தால் போதும், தானும் வருவதாகச் சொல்லியனுப்பினாள். அவனுடைய மானம் விடவில்லை.

அவள் விட்டுப்போன கண்ணாடித் தொட்டியில் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு சோடி ஆப்பிரிக்க மீன். மணலில் புதைந்த வெற்று நத்தை ஓடுதான் பெண்மீனுக்கு வீடு. ஆண்மீன் வாசலில் காவல். முத்தலிபு அவளுடைய கதிரையில் உட்கார்ந்து அதையே பார்த்திருப்பான். கதிரைச் சாய்வில் அவள் தலையெண்ணெய் இன்னும் மணத்தது.

அன்று ஒரு யோசனை உதித்தது. பெண்மீன் தின்னாமல் கிடக்கிறது என்று ஃபோனில் சொன்னான். அது அப்போதுதான் வயிறு முட்டத் தின்றிருந்தது.

அடுத்த பஸ்ஸிலேயே வந்தாள். அவன் நல்ல சட்டை போட்டு நின்றான். அவள் மீனைத்தான் பார்த்தாள். ஒரு சிட்டிகை தீனி போட்டாள்.

"நல்லாத் தின்னுதே."

"உன்னக் கண்டுதான் தின்னுது."

"அப்ப என்னோடயே இருக்கட்டும். அங்க போன கிழமையே தொட்டி வாங்கி வச்சிட்டன்."

தண்ணீரில் கை விட்டாள். பெண்மீன் ஓட்டுக்குள் பாய்ந்தது. ஓட்டோடு தூக்கி வாளிக்குள் இறக்கினாள்.

"மத்தது?"

"அது ஓட்டுக்குள்ள அடங்காது, உங்களப் போல. வேணுமெண்டா நீங்க கொண்டாங்க."

போய்விட்டாள்.

ஆண்மீன் ஓடு இருந்த குழியையே சுற்றியது. தீனி அடியில் கிடந்து ஊறியது. முத்தலிபு கடற்கரையெல்லாம் அலைந்து ஓடு பொறுக்கிவந்து போட்டான். மீன் ஒன்றையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. எனக்கும் பசியில்லைதான் என்று அதனிடம் சொன்னான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும், பெரிய போத்தலில் மீனோடு மாம்புரியில் இறங்கினான். வெளிப் படலையடியிலேயே கொடுத்துவிட்டுத் திரும்புவதாகத்தான் தீர்மானம். ஹஃபீலா இரண்டு கையிலும் மாவோடு வாசலுக்கு வந்தாள்.

"கையெல்லாம் மா. நீங்களே உள்ளுக்குக் கொண்டுபோய் விடுங்க. தொட்டி குசினியில இருக்கு."

அடுப்படியில் மாமி இருமுவது கேட்டது.

முத்தலிபு போத்தலை மார்போடு அணைத்துக்கொண்டு செருப்பைக் கழற்றினான்.