உன் அக்காவுக்கு நான் வார்த்த பீங்கான்

விருத்தாசலம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மைத்துனன் ராஜாங்கத்துக்கு, மாமா கோதண்டபாணி எழுதுவது. இங்கு நானும் உன் அக்கா கமலமும் உடம்பைப் பொறுத்தவரை நலம், மானத்தைப் பொறுத்தவரை சுமார். அங்கு நீயும் மனைவி மக்களும் எல்லாச் சுகத்தோடும் இருக்க வேண்டுகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை வேப்பூரில் நடக்கும் உன் மகள் கனிமொழியின் கல்யாணத்துக்கு நாங்கள் வர இயலாது. திட்டுவதற்கு முன் முழுவதும் படி. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம்.

மார்பகப் புற்றுநோய் என்று புதுச்சேரியில் உன் அக்காவுக்கு இடது பக்கத்தை எடுத்ததும், பிறகு கீமோ கொடுத்ததும் உனக்குத் தெரியும். எல்லாம் முடிந்து, தலையில் முடியும் லேசாக முளைத்த பிறகு, போன மாதம் கல்யாணப் பேச்சை எடுத்தேன். "எந்த ஜாக்கெட்டு போட்டாலும் ஒரு பக்கம் தொங்குது, நான் வரல" என்று சொல்லிவிட்டாள். நானோ முப்பது வருஷமாக செராமிக் கம்பெனியில் அச்சு செய்கிறவன். குதிரை கேட்டால் குதிரை, பிள்ளையார் கேட்டால் பிள்ளையார். கட்டின பொண்டாட்டிக்கு ஒரு பக்கம் செய்து தர முடியாதா? இன்ச் டேப்போடு பக்கத்தில் போனேன். "இருவத்தெட்டு வருஷமா தெரியாத அளவா இப்பத் தெரியப் போவுது?" என்றாள். மண் சூளையில் சுருங்குமே என்று நூற்றுக்குப் பன்னிரண்டு கூட்டி அச்சு எடுத்தேன். வெந்து வந்ததைப் பார்த்தால் நான் நினைத்ததைவிடப் பெரிது. "கணக்குல பிசகா, ஆசையில பிசகா?" என்று உன் அக்கா கேட்கிறாள். முதலாளி நாசர் பாய் அதைத் தூக்கிப் பார்த்து என்ன இது என்றார். கொலுவில் வைக்கிற செட்டியார் பொம்மைக்குத் தொந்தி என்றேன். "செட்டியாரு இவ்ளோ பெரிய ஆளா?" என்று அவர் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் எனக்கு வேர்த்துவிட்டது. எடை வேறு முக்கால் கிலோ. மாட்டிக்கொண்டு நடந்தவள் இடப்பக்கமாகவே போய்க் கதவில் இடித்துக்கொண்டாள்.

அடுத்ததை உள்ளே கூடாக, லேசாக வார்த்தேன். அளவும் அச்சாக அமைந்தது. வெள்ளோட்டம் பார்க்க, கல்யாணப் புடவை எடுக்கிற சாக்கில் மங்கலம்பேட்டைக்கு பஸ் ஏறினோம். வழியில் ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே வர, டிரைவர் பிரேக் அடிக்க, உன் அக்கா முன் சீட்டுக் கம்பியில் போய் மோத, டங்கென்று கோயில் மணி போல ஒரு சத்தம். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் இருந்த அம்மா பதறிப்போய், "பாத்திரம் எதுனா நசுங்கிட்டுதா பாருங்க" என்றார். உன் அக்கா கொஞ்சமும் அசராமல், "நசுங்காதுங்க, விருத்தாசலம் பீங்கானு" என்றாள். கண்டக்டர் வந்து லக்கேஜ் எங்கே என்கிறார். நான் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டேன். அவள் இறங்காமல் போய்ப் புடவை எடுத்துக்கொண்டு தனியாகத்தான் வந்தாள்.

இப்போது சொல். தாலி கட்டுகிற நேரத்தில் யாராவது ஆசையாகக் கட்டிப்பிடித்து அந்தச் சத்தம் வந்தால் என்ன ஆவது? நாலு பேர் அவளைப் பார்த்துச் சிரித்தால் என்னால் தாங்க முடியாது, ராஜாங்கம். ஆபரேஷனுக்கு அவளைத் தள்ளிக்கொண்டு போன அன்றைக்குத் தாங்கியதே போதும். மணமக்கள் நோய்நொடி இல்லாமல், நெடுநாள் சண்டை போட்டுக்கொண்டு சேர்ந்து வாழ எங்கள் இருவரின் ஆசிகள். பந்தியில் எங்கள் இலையை வேறு யாருக்காவது போட்டுவிடு.

இப்படிக்கு,
மாமா கோதண்டபாணி

பி.கு. தம்பி, அக்கா எழுதறேன். தபால்ல போடச் சொல்லிக் குடுத்தாரு, படிச்சுட்டேன். நாங்க வரோம். வூட்டுக்கு அனுப்புற அன்னைக்கே ஆஸ்பத்திரி நர்ஸம்மா பஞ்சு வெச்சுத் தைச்சது ஒண்ணு குடுத்துட்டாங்க. பீரோவுல இருக்குது. எல்லா ஜாக்கெட்டுக்கும் ஒழுங்காத்தான் நிக்குது. ஊசி எனக்குப் போட்டாங்க, சோறு எறங்காமக் கெடந்தது உங்க மாமா. ஆறு மாசமா வேலைக்கும் போவாம சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. அந்த மனுஷனை எப்படி எழுப்புறதுன்னு தெரியாமத்தான் ஜாக்கெட்டு சரியில்லன்னு பொய் சொன்னேன். மண்ணைப் பெசைஞ்சிட்டு வந்த அன்னைக்கு மூணு தடவ சோறு வாங்கிச் சாப்பிட்டாரு. நான் சமையக்கட்டுல நின்னு அழுதேன். வியாழக்கிழமையே வந்துடறோம். பந்தல்ல அவருக்கு எதுனா வேலை குடுத்து வை.