துரு சாரின் பிளாக்பெரி

நெய்வேலி டவுன்ஷிப்பில் நிலக்கரிக்கு அடுத்தபடியாக மனிதர்களைப் புகைய வைத்தவர் துரு சார்தான்.

மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பு அவருடைய வேலை. எதைப் பார்த்தாலும் துருதான் கண்ணுக்குத் தெரியும். ஷிப்ட் பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவன் தொலைந்தான். ரோலர் துருப்பிடிப்பது போலத்தான் நம் உடம்பும் உள்ளே துருப்பிடிக்கிறது, அதற்கு மருந்து ஆன்டி-ஆக்சிடன்ட் என்று ஆரம்பிப்பார். அது கொய்யாவிலும் இருக்கிறதே என்று ஒருமுறை வாயைக் கொடுத்தேன். "உங்க கொய்யாவ மாட்டுக்குப் போடுங்க சார்" என்றார். என் தோட்டத்துக் கொய்யா! அன்று பற்றிய வயிற்றெரிச்சல் அணையவே இல்லை.

அவருக்குப் பெர்ரிதான் பழம். அதிலும் குலம் கோத்திரம் பார்ப்பார். மஞ்சள் ராஸ்பெரியில் ஆந்தோசயனின் என்கிற ஆன்டி-ஆக்சிடன்ட் பேருக்குத்தானாம். சிவப்பில் அது சுமார், ஆனால் எலாஜிக் அமிலச் சமாசாரம் உண்டாம். கறுப்பு ராஸ்பெரியில் ஆந்தோசயனின் கொட்டிக் கிடக்கிறதாம், பிளாக்பெரியும் லேசுப்பட்டதில்லையாம். இதில் ஒன்றையாவது மனிதர் கண்ணால் பார்த்திருக்க வேண்டுமே!

ஆன்லைனில் நாலு கன்றுகளும் வரவழைத்தார். மூன்று ராஸ்பெரியும் முதல் கத்திரி வெயிலிலேயே போய்ச் சேர்ந்தன. பிளாக்பெரி மட்டும் நின்றது. முள்ளே இல்லை, உசத்தி ரகம் என்று அதற்கும் ஒரு பெருமை. குளிர்தேசத்துச் செடியாயிற்றே என்று சுற்றிலும் ஈரச் சாக்கு கட்டி, வேரில் ஐஸ் கட்டி வைத்தார். வருஷக்கணக்கில் அது ஒரு பிஞ்சுகூட விடவில்லை.

என் மனைவி கோபிசெட்டிபாளையத்துக்காரி. துரு சார் எங்களுக்குப் பக்கத்து வீடுதான்; சுவருக்கு மேல் எட்டிப் பார்த்த இலையைப் பார்த்ததுமே சொல்லிவிட்டாள். "இது மல்பெரிங்க. எங்கூர்ல பட்டுப்புழுவுக்குப் போடற தழை."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. துரு சார் ரிட்டயர் ஆக ஒரு மாதம்தான் இருந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்வதற்குள் ஒரே ஒரு பழமாவது தின்றுவிட வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருந்தார். வழியனுப்பு விழாவில் மைக் பிடித்து, மொத்த ஷிப்ட்டுக்கும் முன்னால் அவர் மானத்தை வாங்குவது என்று நான் முடிவு கட்டினேன்.

சாமான் கட்டும் அவசரத்தில் அவர் சாக்கையெல்லாம் அவிழ்த்தார். நல்ல வெயில் பட்டதும் செடி மளமளவென்று காய்த்தது. ஐஸ் இப்போதுதான் வேலை செய்கிறது என்று பிளாக் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

விழா அன்று காலை கிண்ணத்தோடு வந்து நின்றார். ஆபரேஷன் முடிந்து என் மனைவி படுத்திருந்த சமயம் அது.

"பழுத்தது மொத்தமும் இவ்ளோதாங்க. தங்கச்சி ரத்தமில்லாம வெளுத்துக்கினு கெடக்குது, அதுக்குக் குடுங்க."

நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்டேன்.

"எனக்கென்னாத்துக்குங்க? நான் துருப்புடிச்ச கட்டை."

என் மனைவி எழுந்து உட்கார்ந்தாள். ஒன்றை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றாள். "பிளாக்பெரி தேனாட்டம் இருக்குதுங்ணா" என்றாள். கிண்ணத்திலிருந்து ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்து, தின்னும்வரை விடவில்லை. மனிதர் மென்றுகொண்டே அழுதுவிட்டார்.

சாயங்காலம் மைக் என் கைக்கு வந்தது. துரு சாரின் பிளாக்பெரியைப் புகழ்ந்து தள்ளினேன்.

இப்போது அவர் மேல்பட்டாம்பாக்கத்தில் இருக்கிறார். அது மல்பெரி என்று அவரிடம் சொல்லக் கிளம்புகிறவன் எவனாக இருந்தாலும், என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்.