கவாத்தும் மூச்சுவிட்ட கொல்லையும்

எங்கள் வீட்டுக் கொல்லை மண்ணுக்கு வாய் இருக்கிறது, அதை அடைத்தால் உள்ளே இருப்பது வேறு வழியாக வெளியே வரும் என்று பட்டப்பகலில் மனதார நம்பியவன் நான். வயது ஐம்பத்திரண்டு. ஐ.டி. கம்பெனியில் பொறுப்பான பதவி. நம்ப வைத்தவர் மந்திரவாதி இல்லை. நாய்களுக்காக வீட்டுக் கொல்லைகளில் பிளாஸ்டிக் புல் பதிக்கிறவர். புனேயில் தாபோடிப் பக்கத்துக்காரர். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. கவாத்து என்றால் புனேயில் நாய் வளர்க்கிற தமிழர் அத்தனை பேருக்கும் தெரியும். பயமுறுத்த நினைக்காமலே பயமுறுத்துவதில் அவரை மிஞ்ச ஆள் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

நாங்கள் இருப்பது ஊரின் இன்னொரு கோடியில், வானவடியில், தரைத்தளம். பின்னால் துண்டாக ஒரு கொல்லை, சுத்தக் கரிசல். மழையில் அல்வா, மே மாதத்தில் பாளம் பாளமாக வெடிப்பு. எங்கள் நாய்க்குத் திவான் என்று பெயர், திவான் கட்டிலை விட்டு இறங்க மாட்டான் என்பதால். போன மழைக்காலத்தில் அந்தச் சேறு விரலிடுக்கில் அப்பிக்கொண்டு நாலு காலும் புண்ணாகிக் கிடந்தான். "வயசான நாய். இன்னொரு மழைக்கு இந்த மண்ணை மிதிச்சா கால் தேறாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவனோ கூச்ச சுபாவி. தெருவில் காலைத் தூக்கியதே கிடையாது. எல்லாம் அந்தக் கொல்லை மூலையில்தான். அதனால் கவாத்தைக் கூப்பிட்டோம்.

வந்தவர் வணக்கம் சொல்லவில்லை. ஆறடி உடம்பைக் குப்புறப் போட்டு, பெரிய வெடிப்பில் காதை வைத்தார். எங்களைப் பார்த்து உதட்டில் விரல்.

"என்னங்க கேக்குது?" என்றேன்.

"மூச்சு வுடுது சார்."

"எது?"

ஒரு மூங்கில் குச்சியை வெடிப்புக்குள் விட்டார். போயிற்று, போயிற்று, போய்க்கொண்டே இருந்தது. கையை எடுத்தார். குச்சியைக் காணோம், சத்தமும் இல்லை.

"எடுத்துக்கிச்சு. இனி தராது" என்றார், பஸ் போய்விட்டது என்கிற குரலில்.

என் மனைவி உமா சிரித்தாள். திவான் வெடிப்பைப் பார்த்து உறுமினான். நான் திவான் கட்சி.

மேல் மண்ணை வெட்டியெடுத்து, அடிமண் பிதுங்கி வராமலிருக்கத் துணி விரித்தார். ஜல்லியும் கல்தூளும் கொட்டினார். கெட்டிப்படுத்த மெஷின் வரும் என்று பார்த்தால் சட்டைப் பையிலிருந்து விசில் வந்தது. எங்களை வரிசையில் நிறுத்தினார். மாடிவீட்டு மராத்தி அம்மாள் வேடிக்கை பார்க்க வந்தார், அவரையும் நிறுத்தினார்.

"லெஃப்ட்! ரைட்! குதிகால்ல மிதி சார்! ஆபீஸ்ல நடக்கிற மாதிரி மெத்து மெத்துன்னு நடக்காதே!"

"ஜோரானே, ஜோரானே!" என்று, இன்னும் பலமாக மிதிக்கச் சொல்லி, அந்த அம்மாள் வேறு என்னை விரட்டினார்.

கடைசியில் புல்லை விரித்து, ஓரமெல்லாம் ஆணி அடித்துவிட்டு எழுந்தார். "வாயை அடைச்சாச்சு. மொத மழைக்குக் கொஞ்சம் கோச்சிக்கும். கண்டுக்காதே சார். ஜவான் கிரகப்பிரவேசம் பண்ணட்டும், அப்பாலதான் நம்ம வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

ஜவான் என்றது திவானை. கிரகப்பிரவேசம் என்றது ஒன்றுக்கிருப்பதை.

திவான் புல்லில் கால் வைக்கவில்லை. சாயங்காலம் இல்லை, ராத்திரி இல்லை, காலையிலும் இல்லை. வாசற்படியில் நின்று பழைய மூலையையே வெறித்தான். அங்கே யாரோ உட்கார்ந்திருப்பதுபோல வாலை இடுக்கிக்கொண்டு முனகினான். நான் வீடியோ மீட்டிங்கில் இருந்தபோது கவாத்து போன் செய்தார். கை தவறி ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன். "இன்னா சார், போனானா இல்லியா?" என்று கம்பெனிக்கே கேட்டது. மேலதிகாரி மைக்கை அணைத்துவிட்டுச் சிரித்தார். கேமராவை அணைக்க மறந்துவிட்டார்.

"இல்லைங்க. நேத்துலேருந்து அடக்கிட்டிருக்கான். சாயங்காலத்துக்குள்ள போகலைன்னா உயிருக்கே ஆபத்துங்கறார் டாக்டர்."

அவர் போனை வைத்துவிட்டார்.

மத்தியானம் வானம் இருண்டது. இடி. கரண்ட் போயிற்று. உமா பாணேரில், ஆபீஸில். மழை கொட்ட ஆரம்பித்ததும் புல்லுக்கு அடியிலிருந்து நீளமாக ஒரு பெருமூச்சு கிளம்பியது. அப்புறம் களுக் களுக்கென்று யாரோ வாய் கொப்பளிக்கிற சத்தம். திவானுக்கு முதுகு முடி சிலிர்த்தது. எனக்கு முதுகில் முடி இல்லாத குறைதான்.

கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன். மூலையில், புல்லின் நிறத்திலேயே ஒன்று எழும்பியிருந்தது. தலை இல்லை. நாலு காலில் மெல்ல நகர்ந்தது. தரையை முகர்வதுபோலக் குனிந்தது. சுவர்ப் பக்கம் திரும்பி, நிதானமாகப் பின்னங்காலைத் தூக்கியது.

பேய்க்குக் கால் இல்லை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். காலைத் தூக்குகிற பேயைப் பற்றி யாரும் எச்சரித்ததில்லை. குக்கர் மூடியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு உமாவைக் கூப்பிட்டேன்.

"உமா... வெளிய வந்துடுச்சு."

"போயிட்டானா? அப்பாடா! மீட்டிங்ல இருக்கேங்க, வைக்கிறேன்."

அதற்குள் திவான் மூக்கால் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டான். நேராக அதை நோக்கி!

"டேய், உள்ள வாடா" என்று கட்டளையிட்டேன், ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலிருந்து, எனக்கே கேட்காத குரலில். அவன் திரும்பவில்லை. போன மழையில் புண்ணான அந்தக் கால்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து அவன் போவதைப் பார்த்தேன். அப்புறம் எப்படி ஓடினேன் என்று தெரியாது. மழையில் நின்றுகொண்டு "கோன் ஹை! யார்ரா அது! ஆஞ்சநேயா!" என்று மூடியை ஓங்கினேன்.

தலையில்லாத அது பேசியது.

"கத்தாதே சார். வருது."

நடந்தது இவ்வளவுதான். வெடிப்புக்குள் மழைநீர் இறங்கியதும் உள்ளே இருந்த காற்று வெளியேறியது. கவாத்து தாபோடியிலிருந்து மழையில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பெல்லை அழுத்தியிருக்கிறார், கரண்ட் இல்லாததால் அடிக்கவில்லை. பக்கவாட்டு கேட் வழியாக நுழைந்து, பச்சை ராணுவ மழைக்கோட்டைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு, எப்படிச் செய்வதென்று திவானுக்குச் செய்து காட்டியிருக்கிறார். திவான் புல்லில் நடந்து போய், அவரை ஒரு சுற்று முகர்ந்து பார்த்துவிட்டு, அவர்மேலேயே காலைத் தூக்கினான். நேற்றிலிருந்து அடக்கியது. முடிய வெகு நேரம் ஆயிற்று. அதுவரை அந்த மனிதர், அவன் மிரண்டுவிடக் கூடாதே என்று, தூக்கிய தன் காலை இறக்கவேயில்லை.