பலூனுக்கு ஒரு பிணை

"நான் உனக்குப் பிணை நிண்டால், நீ திரும்பி வருவாய் எண்டதுக்கு ஆர் பிணை?" என்று கேட்டுவிட்டுப் படலையைச் சாத்தினார் செல்வநாயகம்.

அன்றைக்குக் கொன்ஸ்ரன்ரைன் தட்டிய மூன்றாவது படலை அது.

முள்ளிவாய்க்காலில் பிறந்து ஐம்பத்திரண்டு வருடமாகக் கடலைத் தவிர வேறெங்கும் போகாத மனிதர் அவர். இப்போது கொழும்புக்குப் போயே ஆகவேண்டும். வலது காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துவிட்டது. ஐம்பது அடி எடுத்துவைத்தால் கெண்டைக்கால் முறுக்கிப் பிடிக்கும், நின்றால் விடும். பெருவிரல் நாவற்பழ நிறத்துக்கு வந்திருந்தது.

"ஒரு மாசத்துக்குள்ளை போனால் கால் மிஞ்சும்," என்றிருந்தார் டொக்டர். "வெட்டிக் கிழிக்கமாட்டினம். தொடை இடுக்கிலை ஒரு சின்ன ஓட்டை. அதுக்குள்ளாலை வயர் விட்டு, அடைச்ச இடத்திலை ஒரு குட்டிப் பலூனை ஊதிக் குழாயை விரிச்சுவிடுவினம். அவ்வளவுதான்."

அந்த ஒரு மாதத்தில் பத்து நாள் போய்விட்டது.

வன்னியை விட்டு வெளியே போக இயக்கத்தின் பாஸ் வேண்டும். பாஸுக்குப் பிணையாள் வேண்டும். போனவர் திரும்பாவிட்டால், பிணை நின்றவருக்கு அதற்குப் பிறகு இந்தச் சென்மத்தில் பாஸ் கிடையாது. உயிரைக் கேட்டால்கூட ஊரில் யாராவது யோசித்துப் பார்ப்பார்கள். பிணை கேட்டால் படலைதான்.

"நீங்கள் நல்லா நடந்துபோய்க் கேட்டால் ஆர் நம்புறது? கொஞ்சம் நொண்டுங்கோவன்," என்றாள் மனைவி மரியமலர்.

கொன்ஸ்ரன்ரைன் தாராளமாக நொண்டினார். பொழுது சாய்வதற்குள், அவருக்குக் கால் கழற்றப் போகிறார்களாம் என்று ஊர் பேசியது. ஒற்றைக் காலோடு கடலுக்கு எப்படிப் போவது? மனிதர் கொழும்பிலேயே தங்கிவிட்டு, பிறகு மனிசியையும் கூப்பிட்டுவிடுவார். பாதி மனதோடு 'பாப்பம்' என்று சொல்லியிருந்த ஓரிருவரும் முழு மனதோடு பின்வாங்கினார்கள்.

"அப்ப நான் திரும்பி வருவன் எண்டு காட்டவேணும்," என்றார் கொன்ஸ்ரன்ரைன். "திரும்பி வராதவன் கூரை மேய்வானோ?"

அடுத்த நாள் காலை கிடுகுக் கட்டோடு கூரையில் ஏறினார். மூன்றாவது வரிசை கட்டும்போது ஒழுங்கையில் ஒரு சைக்கிள் நின்றது. பாஸ் எழுதுகிற பொறுப்பாளர்.

"ஐயா, காலுக்குத்தானே பாஸ் கேட்டனீங்கள்?"

"ஓம் தம்பி."

"சந்தோசம்," என்றுவிட்டு அவர் மிதித்துக்கொண்டு போனார்.

விளக்கம் சொல்ல அவசரமாக இறங்கினார் கொன்ஸ்ரன்ரைன். ஏணியின் நடுவில் கெண்டைக்கால் பிடித்தது. மிச்சத் தூரத்தை ஏணி இல்லாமலே இறங்கி, கோழிக்கூட்டின்மேல் விழுந்தார். கோழிகளுக்கு ஒன்றுமில்லை. பெருவிரல் மட்டும் கன்றிக் கறுத்துப்போனது. அதைப் பார்த்த மரியமலர் ஓடிப்போய் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள்.

அப்போதுதான் அயல்வீட்டுச் சின்னராசா வந்தார்.

"நான் பிணை நிக்கிறன்."

கொன்ஸ்ரன்ரைனால் நம்பமுடியவில்லை. சின்னராசா சைக்கிள் பம்பைக்கூட இரவல் கொடுக்காத மனிதர்.

"அண்ணை, உண்மையாவோ?"

"ஓம். பலூன் எவ்வளவு பெரிசாம்?"

"தெரியாதண்ணை."

"வெடிச்சால்?"

"அண்ணை!"

"கோவியாதையும், கேட்டனான். மயக்குவினமோ? நோகுமோ? வந்து எனக்கு ஒண்டுவிடாமல் சொல்லவேணும். நாள் தவறக்கூடாது."

அவர் போனதும் மரியமலர் குரலைத் தாழ்த்தினாள். "அந்தாளுக்கு உங்கடை வள்ளத்திலை கண். கரையிலை அதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறதை எத்தினை தரம் கண்டனான்."

கொன்ஸ்ரன்ரைனும் சின்னராசாவும் பஸ்ஸில் போய் இறங்கிப் பாஸ் எழுதும் இடத்துக்கு நடந்தார்கள். கால் பிடிக்கத் தொடங்கும், கொன்ஸ்ரன்ரைன் நிற்க ஒரு சாட்டுத் தேடுவார். அதற்கு முன்னமே சின்னராசா நின்றுவிடுவார்.

"உந்தப் பனையைப் பாரும், என்ன உயரம்!"

அந்த வழியில் ஏழு பனைகளை வியந்தார்கள். மனிதர் நக்கலடிக்கிறாரா, வள்ளத்துக்கு விலை யோசிக்கிறாரா என்று கொன்ஸ்ரன்ரைனுக்குப் பிடிபடவில்லை.

பொறுப்பாளர் நிமிர்ந்து பார்த்தார். "கூரை மேய்ஞ்சவர்தானே?"

"விழுந்தவரும் இவர்தான்," என்றார் சின்னராசா. "விரலைக் காட்டும்."

விரலைக் கண்டதும் பொறுப்பாளரின் முகம் மாறியது. பதினைந்து நாள் பாஸ்.

கொழும்பில் பலூன் வேலை முழுதாக இரண்டு மணித்தியாலம்கூட இல்லை. விழித்துக்கொண்டே கிடந்தார். குளிர்ந்துபோய்க் கிடந்த பாதத்துக்குள் வெதுவெதுப்பு இறங்கியபோது, கடலில் நாற்பது வருடம் அழாதவர் ஒரு நேர்ஸுக்கு முன்னால் அழுதார்.

திரும்பும் வழியில் வவுனியாவில் ஆமிக்காரர் மறித்தார்கள். ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். ஒவ்வொரு இரவும் சின்னராசாவின் முகம் கனவில் வந்து "நாள் தவறக்கூடாது" என்றது. வள்ளம் போனாலும் போகட்டும். தன்னை நம்பிய ஒரே ஒரு மனிதன் ஏமாறக்கூடாது.

பதினைந்தாம் நாள் பின்னேரம் பஸ்ஸால் இறங்கினார். வீட்டுக்குக்கூடப் போகவில்லை. ஒரு பனையையும் வியக்காமல் நேரே சின்னராசாவின் படலைக்கு நடந்தார்.

சின்னராசா அங்கேதான், படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் கொன்ஸ்ரன்ரைனின் முகத்துக்கு வரவேயில்லை, காலிலேயே இருந்தது.

"நிக்காமலோ வந்தனீர்?"

"நிக்காமல்தான் அண்ணை."

"அது... வெடிக்கேல்லையே?"

"இல்லையண்ணை. வள்ளத்தைப் பற்றி ஏதும் கதைக்கிறதெண்டால்..."

"என்ன வள்ளம்?"

குசினிக்குள்ளிருந்து சின்னராசாவின் மனைவி ஞானேஸ்வரி ஒரு பயணப் பையோடு வெளியே வந்து, அதைக் கணவனின் காலடியில் வைத்தாள்.

"இஞ்சருங்கோ, ஆள் ரெண்டு காலோடையும் வந்திட்டார். இனியாவது உங்கடை காலுக்கு டொக்டர் போன வருசம் தந்த கடிதத்தை அலுமாரியாலை எடுங்கோ. பிணைக்கு ஆளும் படலையடியிலையே நிக்குது!"