முழுப் படம், இலவசம்

ஒரு காட்டில் செங்கமலம் என்றொரு யானை இருந்தது. அதன் தாய் ஒரு சினிமாவில் நடித்திருந்தது. கடைசிக் காட்சியில் வந்து கதாநாயகிக்கு மாலை போடும். தாய் இறந்தபோது செங்கமலம் பால்குடிக் குட்டி. முகம் நினைவில்லை. அந்தக் காட்சியிலாவது பார்த்துவிடலாம் என்று, தும்பிக்கை நுனியால் செல்போனைத் தேய்த்துத் தேடியது.

பெயரைப் போட்டால் பாட்டு வந்தது, டிரெய்லர் வந்தது, யாரோ ஒருவர் படத்தைத் திட்டுவதும் வந்தது. படம் வரவில்லை. வெகுநேரம் கழித்து, 'முழுப் படம், இலவசம், தெளிவான பிரிண்ட்' என்று ஒன்று அகப்பட்டது. செங்கமலம் தழை தின்பதை நிறுத்திவிட்டு உட்கார்ந்தது.

திரையில் ஒரு நல்ல பாம்பு படமெடுத்து நின்றது. இடைவேளைவரை நின்றது. இடைவேளைக்குப் பிறகும் நின்றது.

அது நாகப்பன் என்ற பாம்பின் சேனல். செங்கமலம் புற்றுக்குப் போய் நியாயம் கேட்டது.

"படம் முழுசா இல்லையா அக்கா? ஓரம்வரைக்கும் விரிச்சுத்தானே காட்டினேன்," என்றது நாகப்பன். "காசு கேட்டேனா?"

இதைக் கேட்டு இரங்கிய முள்ளம்பன்றி ஒன்று, எங்கெங்கோ தேடி உண்மையான சினிமாவையே எடுத்துவந்து தன் சேனலில் போட்டது. நாகப்பனுக்குக் கூட்டம் குறைந்தது. அது சிங்கராஜாவிடம் போய்ப் புகார் கொடுத்தது. படம் எடுத்தவருக்கே உரிமை என்பது காட்டுச் சட்டம். சிங்கம் சபையைக் கூட்டியது.

"முள்ளம்பன்றியே, நீ படம் எடுப்பாயா?"

"இல்லை மகாராஜா. முள்ளைத்தான் சிலிர்ப்பேன்."

"இந்தக் காட்டில் படம் எடுப்பது யார்?"

எல்லா மிருகங்களும் பாம்பைப் பார்த்தன. பொய் சொல்ல முடியுமா?

அந்த நேரத்தில் செங்கமலம் கடைசிக் காட்சிக்கு வந்திருந்தது. கதாநாயகி கண்ணை மூடி நின்றாள். திரையின் ஓரத்திலிருந்து மாலையோடு ஒரு தும்பிக்கை நீண்டது. அடுத்தது முகம். 'படம் எடுத்தவர் கேட்டுக்கொண்டதால் நீக்கப்பட்டது' என்று எழுத்து வந்தது.

செங்கமலம் கருப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு நாகப்பனின் படத்தை மறுபடி போட்டு, முடியும்வரை பார்த்தது. 'நடுவில் நிற்காமல் ஓடுகிறது. நன்றி' என்று கீழே எழுதிவிட்டுத் தழை தின்னப் போனது.

நீதி: இலவசமாக முழுப் படம் பார்க்க விரும்புகிறவர், என்ன படம் என்று கேட்கக் கூடாது.